கரையேறிய பற்று

தேவிகுளம் என்னும் பெயருக்குச் சீதாபிராட்டி நீராடிய குளம் என்று ஊரார் காரணம் கூறுவர். கொச்சியினின்றும் புறப்பட்டு, மூணாறு, தேவிகுளம் வழியாக மலைமீது ஊர்ந்து, போடிநாயக்கனூரில் இறங்கி, மதுரையைக் கடந்து தனுஷ்கோடி வரை சென்ற, முன்னாளில் 49 என்ற எண் தாங்கியிருந்த தேசிய நெடுஞ்சாலையை நோக்குமிடத்து, தேவி நீராடிய இடத்தையும், அவளைப் பிரிந்த நாயகன் அணை கோல நின்ற கடற்கரையையும் ஒரே வழியில் இணைத்த பொறியாளர் யாரோ என்று வியக்கத் தோன்றும். (அவர் நினைவில் இருந்தது இராமகாதையாக இராது, தேயிலையும் துறைமுகமுமாகவே இருந்திருக்கும்.)

அவ்வழியே நானும் என் மனைவியும் இறங்கி, இராமேசுவரத்தில் சுவாமி தரிசனம் முடித்து, கீழக்கரை, தூத்துக்குடி எனக் கரையோரமாகவே திருச்செந்தூர் நோக்கிச் சென்றோம். பாம்பன் கடலில் ஓங்கில்கள் சில எழுந்து மறைந்தன. தாயின் விலாவை ஒட்டியே குட்டியொன்று நீந்திற்று. வரையாடுகள் குட்டி ஈனும் பருவமென்று பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இரவிகுளம் பூங்காவின் வாயிலை அடைத்துவிடும் ஊரிலிருந்து சென்ற எங்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டுக் கரையில் முதிய மீனவர் ஒருவர் சொன்ன செய்திதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

2016 ஜனவரியில் அக்கரையோரமாக எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் உயிருடன் மணலில் வந்து ஒதுங்கின. மீனவர் அவற்றைத் தள்ளியும், படகில் கட்டி இழுத்தும் ஆழத்தில் விட்டனர். விட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டன. 1973 ஜனவரியிலும் இதே மணப்பாட்டில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதுண்டு. "ஆழத்துல கொண்டு விட்டாலும் கூட்டத்தைத் தேடித் திரும்பித் திரும்பி வந்துச்சும்மா" என்றார் அம்முதியவர். "அப்படியானால் அதுகளைக் கொன்றது பாசந்தானாங்க?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள்.

அங்கு ஒதுங்கிய இனத் திமிங்கிலங்கள் தாய்வழிக் கூட்டங்களாக வாழ்பவை. ஈனும் பருவம் கடந்த மூத்த பெண்கள் பல்லாண்டு உடனிருந்து கூட்டத்தைப் பேணுவதுண்டு. ஆழ்கடலில் இரை தேடவும் குட்டிகளைக் காக்கவும் துணைநின்ற அதே பிணைப்பு, நோயினாலோ ஆழங்குறைந்த மணற்கரையின் மயக்கத்தினாலோ சில உயிர்கள் வழிதவறியபொழுது, எஞ்சியவற்றுள் பலவற்றையும் உடன் இழுத்துச் சாகவைத்தது போலும். பற்றே துன்பத்திற்கு மூலம் என்ற துறவியர் வாக்குக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ என்று ஒருவர் கேட்கலாம்.

எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பற்றை அறுத்த திமிங்கிலம் ஒன்று இருக்குமாயின், அது அன்று பிழைத்திருக்கும். ஆனால் பிறந்த நாளிலேயே தாயை விட்டு நீங்கிப் பசியால் மாண்டிருக்கும். பரம்பொருளே மானிடனாய் வந்து மனைவியைப் பிரிந்து அழுததை வெறும் லீலை என்று விளக்கிவிடும் வியாக்கியானம் எனக்கு ஒருநாளும் திருப்தி தந்ததில்லை. அழாத இராமன் தனுஷ்கோடிக்கு வந்திருக்கவே மாட்டான். ஞானியர் கடிந்தது, 'இது என் உடைமை' என்று இறுக்கிப் பிடிக்கும் அகங்காரத்தையே என்று கொள்வதுதான் பொருந்தும். 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்ட வள்ளலார், உயிர்கள் யாவும் ஆன்ம வகையால் சகோதரர் என்றும், அவ்வுரிமையினாலேயே ஓருயிரின் துயர் கண்டு மற்றோருயிர் உருகுகிறதென்றும் கூறினார். அவர் காட்டிய வழி உறவை அறுப்பதன்று. உறவின் எல்லையை அகலவிடுவது.

அவ்வகலத்தை நான் கண்டது மணப்பாட்டில். பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையும் திருச்சிலுவைக் கோயிலும் உள்ள அச்சிற்றூரைச் சூழ்ந்த கரையின் மீனவர், தொழிலையும் ஒதுக்கிவிட்டு, தம் வலைக்கும் வயிற்றுக்கும் யாதொரு பயனும் இல்லாத உயிர்களுக்காக அலையில் நின்று போராடினர். திரும்பி வந்தவற்றை மறுபடியும் தள்ளினர். திருச்செந்தூருக்குச் செல்லும் அன்பர்கள், தரிசனம் முடிந்ததும் உடனே ஊர் திரும்பிவிடாமல், மணப்பாடு வரையிலும் சென்று, அம்மக்களிடம் அந்நாளைப் பற்றிக் கேட்டு வருவார்களாக.