சாமல்பட்டிக்காரி

மொரப்பூரில் என் அம்மாவின் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 'சாமல்பட்டிக்காரி வீடு' என்றால் வாசல்வரை வந்து காட்டுவார்கள். இரண்டும் ஒரே ரயில்பாதையில் இருக்கும் ஊர்கள். அம்மா இங்கே வாழவந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன.

கெஹிம்கர் என்ற யூதக் குடும்பப் பெயரின் பொருளை அறிந்தபோது எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. கொங்கண் கரையில், அலிபாகுக்குப் பக்கத்தில் கிஹிம் என்றொரு கடலோரச் சிற்றூர். கெஹிம் என்றும் எழுதினார்கள். மராத்தியில் ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்ந்தால் அவ்வூரார் என்று பொருள். நம் 'காரர்' மாதிரி. ஆனால் நாம் காரன், காரி என்று பிரிப்போம், 'கர்' பிரிப்பதில்லை. அந்தக் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள், அண்டை அயலாரைப் போலவே ஊரைப் பெயராக்கிக்கொண்டார்கள். ரோஹாவிலிருந்து வந்தவர்கள் ரோஹேகர். மற்றவர்கள் அவர்களுக்கு இட்ட பெயர் வேறு: 'சனிவார் தேலி'. சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்கள். கிட்டத்தட்ட ஒரு சாதிப்பெயர். அந்தச் சமூகத்தின் வரலாற்றை 1897இல் எழுதி முடித்தவர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர். 1937இல் அது டெல் அவிவில் அச்சானபோதும் அட்டையில் அந்தக் கடலோரச் சிற்றூர் இருந்தது.

சரி, ரோஹேகர் வீட்டுப் பெண் கெஹிம்கர் வீட்டில் வாழ்க்கைப்பட்டால்? கண்ணால் பார்த்திராத ஓர் ஊர் அவள் பெயராகும். ரோஹா அவளோடு நின்றுவிடும்.

அதைவிட அம்மாவின் நிலை மேல் என்று எண்ணியிருந்தேன். பிறந்த ஊராவது பெயரில் மிஞ்சியிருக்கிறதே! அம்மாவிடமே சொன்னேன்.

"நானா வச்சுக்கிட்டேன்? குழாயடியில சண்டைன்னா மொதல்ல அந்தப் பேரத்தான் இழுப்பாளுங்க."

முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அதுவரை அது உறைக்கவில்லை. ஆணின் ஊர் அவன் பேரனுக்கும் அடையாளமாகிறது. அம்மாவின் ஊர், 'நீ வந்தவள்' என்று ஐம்பது ஆண்டுகளாக நினைவூட்டுகிறது. எனக்கு அது வந்து சேரவுமில்லை. என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் எழுத்து. திருமணத்துக்குப் பின் அதையும் மாற்றச் சொன்ன ஓர் அலுவலகத்தோடு நான் மல்லுக்கட்டியது தனிக்கதை. அப்போதுகூட அம்மாவின் எழுத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போன பொங்கலுக்குத் தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி அம்மாவிடம், "உங்களுக்கு எந்த ஊருங்க அத்தை?" என்றாள்.

"மொரப்பூரு" என்றார் அம்மா.

பக்கத்தில் நின்றிருந்த பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.