ஊரடங்கும் அடக்கமும்

‘ஊரடங்கு’ என்பது அரசாங்கத்தார் ஆக்கிய சொல்லன்று. ஊரடங்கும் வேளை என்றால், விளக்கணைந்து, நாய்களின் குரைப்பும் ஓய்ந்து, மனிதர் தாமாகவே துயிலச் செல்லும் பொழுது என்பதே பழைய வழக்கு. அங்கே ஊர் தானாக அடங்கும், அடக்குவார் எவருமில்லை. இந்தச் சொல்லைச் ‘சட்டம்’ என்பதற்கு அடையாக்கியபோது தன்வினை பிறவினையாயிற்று. கிழக்கிலங்கையில் 1980களுக்குப் பின் பிறந்தோர் இதனைப் போர்க்காலச் சொல்லாகவே அறிந்து வளர்ந்தனர். ஆதலின் 2020 மார்ச் 20ஆம் நாள் மாலை 6 மணி முதல் நாடெங்கும் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டபோது, அது மருத்துவத்தின் பொருட்டு வந்த கட்டளை என்பதை அறிவு ஏற்றதேயாயினும், செவி பழைய பொருளையே கேட்டது.

இங்கேதான் அறவியல் வினா ஒன்று எழுகின்றது. அச்சத்தால் அடங்குதலும் அறத்தால் அடங்குதலும் வெளித்தோற்றத்தில் வேறுபடா. இரண்டிலும் கதவு சாத்தியே இருக்கும். வீதி வெறிச்சோடியே கிடக்கும். கடமைக்கு இணங்கிய செயல் வேறு, கடமையின் பொருட்டுச் செய்த செயல் வேறு என்று ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட் பிரித்துக் காட்டியது இதனைத்தான். தமிழிலே அப்பிரிவினை ஒரே வேர்ச்சொல்லுக்குள் அமைந்து கிடக்கின்றது. ‘அடக்கமுடைமை’ திருக்குறளிலே ஓர் அதிகாரம். ‘ஒழுக்கமுடைமை’ அதனை அடுத்து வருகின்றது. அதே வேரிலிருந்துதான் ‘அடக்குமுறை’ என்னும் சொல்லும் பிறந்தது. இறந்தோரைப் புதைத்தலையும் ‘அடக்கம்’ என்றே வழங்குகின்றோம். பெருந்தொற்றுக் காலத்தில் இப்பொருள்கள் யாவும் ஒருசேர எதிர்நின்ற இடங்களுள் ஒன்று சம்பூரும் அதன் சுற்றமும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே சம்பூர் உளது. வயலும் மாடும் கடலும் அதன் சீவனோபாயம். 2006 ஏப்ரல் இறுதியில் ஆகாயக் குண்டுவீச்சுக்கும் எறிகணை வீச்சுக்கும் அஞ்சி மக்கள் ஊரை விட்டு ஓடத் தொடங்கினர். அவ்வாண்டு செப்டெம்பரில் அது இராணுவத்தின் வசமாயிற்று. 2007 மேயில் வெளியான வர்த்தமானி மூதூர் கிழக்கையும் சம்பூரையும் உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. பின்னர் அனல்மின் நிலையத்துக்கென்றும் கைத்தொழில் வலயத்துக்கென்றும் காணிகள் ஒதுக்கப்பட்டன. உரியவர்களோ கிளிவெட்டி, மணற்சேனை, பட்டித்திடல் முகாம்களிலே தகரக் கூரையின்கீழ் ஆண்டுகளை எண்ணினர். சொந்த ஊர் கூப்பிடு தூரத்திலிருந்தும் கால்வைக்க முடியாத நிலை அது. 2015 ஓகஸ்டில் 818 ஏக்கர் மீளக் கையளிக்கப்பட்டது. 2016இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது.

அதாவது, ‘வீட்டிலே இருங்கள்’ என்று அரசு கட்டளையிட்ட 2020இல், சம்பூரார் பலருக்கு வீடு திரும்பக் கிடைத்து ஐந்தாண்டுகூட நிறைந்திருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் ‘வீட்டுக்குப் போகாதீர்கள்’ என்றிருந்த வாய்தான் இப்போது ‘வீட்டை விட்டு வராதீர்கள்’ என்றது. இதனை வெறும் முரண்நகையாகக் கருதி அப்பாற் சென்றுவிடல் எளிது. ஆனால் வினா அதனினும் ஆழமானது: தனக்குத் தீங்கிழைத்த ஒருவன் நியாயமான ஒன்றைச் சொல்லும்போது அதற்குக் கட்டுப்படும் கடப்பாடு எங்கிருந்து பிறக்கின்றது?

பிளேட்டோவின் ‘கிரிட்டோ’வில் சிறையிலிருந்து தப்பியோட மறுக்கும் சோக்கிரதர், தம்மைப் பெற்று வளர்த்த நகரத்தின் சட்டங்கள் தம்முன் நின்று பேசுவதாகக் கற்பனை செய்கிறார். எம்மால் நீ பிறந்தாய், வளர்ந்தாய், கற்றாய். எனவே எமக்குப் பணிய வேண்டும் என்பது அச்சட்டங்களின் வாதம். இவ்வாதத்தைச் சம்பூரிலே பேசிப் பார்த்தால் அது நெடுந்தூரம் செல்லாது. சட்டங்கள் அங்கே வளர்த்த கதையைவிட விரட்டிய கதையே அண்மையது. மேலும், 2020இல் விதிக்கப்பட்ட ஊரடங்கு முறைப்படி வர்த்தமானியில் வெளியிடப்பட்டதா என்பதையே சட்டவல்லுநர் சிலர் அன்று வினவினர். கையிலிருந்த கருவியோ பிரித்தானியர் காலத்து 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைக்காப்புக் கட்டளைச் சட்டம். இத்தகைய ஐயப்பாட்டின் நடுவே அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரடங்கை மீறினர் எனக் கைதுசெய்யப்பட்டனர்.

ஆயின், அரசுக்குக் கடன்படாதவன் எவருக்குமே கடன்படாதவன் ஆகிவிடுவானா? ஆகான். வைரசு அரசாங்கத்தைத் தாக்குவதில்லை. அடுத்த வளவிலே இருமிக்கொண்டிருக்கும் கிழவியைத் தாக்குகின்றது. அதனைச் சுமந்து செல்பவன் தான் நோயாளி என்பதையும் அறியாதிருக்கலாம். எனவே இந்தக் கடப்பாட்டின் முகவரி கொழும்பன்று, அயல்வீடு. கட்டளையிட்டவரின் தகுதியின்மை கட்டளையின் நியாயத்தை அழித்துவிடாது. இது கசப்பான உண்மை. ஒடுக்கப்பட்டோருக்கு மேலும் கசப்பானது. தம்மை ஒடுக்கியவர் சொன்னதை, அவர் சொன்னதற்காக அன்றி, தாமே கண்ட காரணத்துக்காகச் செய்தல் வேண்டும் என்பது பெருஞ்சுமைதான். எனினும் அடங்குதலை அடக்கமாக மாற்றக்கூடியது அந்தக் காரணங்காணல் ஒன்றே.

அதற்கான பயிற்சி இம்மண்ணிலே முன்பும் இருந்தது. ‘அம்மாள் வருத்தம்’ கண்ட வீட்டின் படலையிலே வேப்பிலை செருகியிருக்கும். அதைக் கண்டவர் உட்புகார். வீட்டாரும் பிறர் வீட்டுக்குச் செல்லார், விசேடங்களுக்குப் போகார். மச்சம் விலகும், தாளிதம் நிற்கும். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரையில் இவ்விரதம் நீளும். பொலிசும் இல்லை, தண்டமும் இல்லை. பத்திரகாளி அம்மன் கோயிலைத் தம் ஊரின் நடுநாயகமாகக் கொண்ட சம்பூராருக்கு இவ்வொழுங்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. இங்கு கருதற்பாலது நம்பிக்கையின் உண்மை பொய் அன்று, அவ்வழக்கத்தின் இருபக்க அமைப்பு. நோயுற்ற வீடு தன்னை அடைத்துக்கொண்டது; அயல் அந்த வீட்டை மறந்துவிடவில்லை. இளநீரும் வேப்பிலையும் படலை வரைக்கும் வந்தன.

இங்கிலாந்திலே 1665, 1666ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் கண்ட ஈம் என்னும் சிற்றூரின் கதையும் இதற்கு அயலானதன்று. தம் மதகுருவின் வேண்டுகோளுக்கு இணங்கி அவ்வூரார் எல்லையைத் தாமே வகுத்துக்கொண்டு வெளியேறாதிருந்தனர். சுற்றூரார் எல்லைக்கல்லிலே உணவை வைத்துச் செல்ல, இவர்கள் காடியில் நனைத்த நாணயத்தை வைத்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் இறந்தனர்.

மரபை இவ்வாறு மெச்சுகையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பெரியம்மையை ஒழித்தது வேப்பிலையன்று, தடுப்பூசியே. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்ததாக அறிவித்தமைக்குப் பின்னால் நின்றது அறிவியலும் அரசுகளின் ஒத்துழைப்புமாகும். மரபு விலக்கி வைத்த மனிதர் பலர், தீண்டாமை என்னும் பெயரிலே, நோய் எதுவுமின்றியே நிரந்தர ஊரடங்கில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஆதலின் மரபிலிருந்து எடுக்கத்தக்கது ஒன்றுதான்: பிறர்பொருட்டுத் தன்னை அடைத்துக்கொள்பவனின் அடுப்பு எரிய வேண்டிய பொறுப்பு அந்தப் பிறருடையது.

2020இன் ஒழுங்குவிதிகளை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். விதி எல்லார்க்கும் ஒன்று. விலை எல்லார்க்கும் ஒன்றன்று. மாதச் சம்பளக்காரருக்கு ஊரடங்கு ஒரு நீண்ட விடுமுறை. மேசனுக்கும் கூலிக்கு வலையிழுப்பவனுக்கும் அது அன்றைய அரிசி. கமத்துக்கும் கடலுக்கும் விலக்களிக்கப்பட்டது மெய்யே. ஆனால் கடலுக்குப் போவது மட்டும் தொழிலாகாது. பிடித்த மீன் விலைப்பட வேண்டும். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவியதும் நாட்டார் மீன் உண்ணவே அஞ்சினர். முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையிலே பச்சைமீனைக் கடித்துக் காட்டியதும் அந்நாட்களிலேதான். நகைப்புக்குரியதாகத் தோன்றினும், விற்காத மீனின் முன் நிற்பவனுடைய கையறுநிலையை அது காட்டிற்று. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2020 ஏப்ரலிலும் மேயிலும் ஐயாயிரம் ரூபா வழங்கப்பட்டது. படலைவரை வந்த இளநீர் அதுவே எனலாம். போதுமானதா என்பது வேறு. கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையேனும் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இனி அடக்கம் என்பதன் மூன்றாம் பொருளுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 11ஆம் நாள் வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தோர் யாவரும் தகனம் செய்யப்படல் வேண்டும் என்றது. புதைத்தலும் ஏற்புடையதே என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே மார்ச்சில் வழிகாட்டியிருந்தது. நிலத்தடி நீரினூடே நோய் பரவும் என்று சொல்லப்பட்ட காரணத்துக்கு அறிவியற் சான்று காட்டப்படவில்லை. முஸ்லிம்களுக்கு இறந்தோரை எரித்தல் மார்க்கத்தால் விலக்கப்பட்டது. இருபது நாட் குழந்தையொன்றும் அவ்வாண்டு டிசெம்பரில் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. உடல்களைப் பொறுப்பேற்க மறுப்பதன்றி வேறு எதிர்ப்பைக் காட்ட வழியறியாது குடும்பங்கள் நின்றன.

பிறர் நலத்துக்காக ஒருவனிடம் தியாகத்தைக் கேட்கலாம். எவர்க்கும் நலந்தராத ஒன்றைக் கேட்டால் அது தியாகமாகாது, அவமதிப்பாகும். ஊரடங்குக்கும் கட்டாயத் தகனத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு இதுவே. இரண்டும் ஒரே சுகாதாரத்தின் பெயரால், ஒரே வர்த்தமானி மொழியில் வந்தன. காரணத்தைத் தேடித் தெளிந்து அடங்கியவனுக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலும். அஞ்சி அடங்கியவனுக்கு இயலாது. அவனுக்கு இரண்டும் கட்டளையே.

சம்பூரின் அயலூர் மூதூர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். சந்தையும் வைத்தியசாலையும் பிரதேச செயலகமும் அங்குள்ளன. போர்க்காலத்தில் இவ்விரு சமூகங்களுக்கும் இடையே வளர்ந்த பகை எளிதில் மறக்கக்கூடியதன்று; 2006இல் மூதூர் முஸ்லிம்களும் ஊரைவிட்டு ஓடியவர்களே. தகனக் கட்டளை இந்துக்களிடம் எதனையும் பறிக்கவில்லை. எரித்தல் அவர்களுடைய வழக்கமே. நட்டமில்லாத கட்டளைக்கு அடங்குதல் மிக எளிது. ஆயின், அயலானின் உயிருக்காகக் கதவைச் சாத்திய அறம், அயலானின் சடலத்தின் முன் மௌனமாகுமானால், அது தொடக்கத்திலேயே அறமாக இருந்ததா, அன்றி அச்சம் பூண்ட நல்வேடமா என்னும் ஐயம் எழாதா?

இவ்வினாவுக்குச் சிலர் செயலால் விடையளித்தனர். 2020 டிசெம்பரில் கொழும்பு பொரளைக் கனத்தை மயான வேலியிலே பல இனத்தாரும் வெண்துணி கட்டினர். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரை நிகழ்ந்த பேரணி திருகோணமலை வழியாகச் சென்றது. பறிக்கப்பட்ட காணிகளை விடுவித்தலும் ஜனாஸாக்களை எரிப்பதை நிறுத்தலும் அதன் கோரிக்கைகளுள் ஒருங்கே நின்றன. தமிழரும் முஸ்லிம்களும் கூடி நடந்தனர். பெருந்தொற்றைக் காரணங்காட்டிப் பொலிசார் நீதிமன்றத் தடைகளைப் பெற்றிருந்தனர். தடையை மீறியோர் அடக்கமற்றோர் என்பது ஒரு வாதம். திரளாகக் கூடுவது நோயைப் பரப்பக்கூடும் என்ற அளவில் அவ்வாதம் பொய்யுமன்று. நடந்தவருள் முதியோரும் இருந்தனர், வீட்டிலே முதியோரை விட்டு வந்தவரும் இருந்தனர். அந்த ஆபத்தை இல்லையென்று சொல்லாமல், அதைத் தெரிந்துகொண்டே நடக்க வேண்டியிருந்தது என்பதுதான் அப்பேரணியின் நேர்மையான கணக்கு.

2021 பெப்ரவரி 25ஆம் நாள் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5ஆம் நாள் ஓட்டமாவடியில் முதல் நல்லடக்கம் நிகழ்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோர இசைந்தது. ஓட்டமாவடி, மூதூரிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் வீதியில் உள்ளது. 2006இல் சம்பூரார் மூட்டை முடிச்சுகளோடு வெருகல், வாகரை என்று சென்றதும் அக்கரையோரமாகத்தான். நாட்டின் எப்பகுதியில் இறந்தோரையும் அங்கேயே கொண்டுவர வேண்டியிருந்ததால், மஜ்மா நகரென்னும் அச்சிற்றூரில் ஓராண்டுக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அடக்கஞ் செய்யப்பட்டனர். முஸ்லிம் அல்லாதார் சிலரும் அவருள் அடங்குவர். மையவாடி விரிய விரிய, அவ்வூர் விவசாயிகள் சிலரின் காணிகளும் அதற்குள் அகப்பட்டன.