தொட்டால் போதும்

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான கராத்தே இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4–1 என முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதேயின் தலையில் விழுந்தது. நினைவிழந்து சரிந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மயங்கி விழுந்தவருக்குத் தங்கம், நின்றவருக்கு வெள்ளி.

அடிச்சவன் தோத்துட்டான், அடி வாங்குனவன் ஜெயிச்சுட்டான், இதெல்லாம் ஒரு சண்டையா என்று பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த விளையாட்டின் விதி அதுதான். தலைக்குப் போகும் உதைக்கு மூன்று புள்ளி உண்டு. அந்த உதை கட்டுப்பாட்டோடு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்டிபட்டியில் நான் பயிற்சிக்குப் போகும் மைதானத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வேலை பெங்களூர் கம்பெனியில், இருப்பது சொந்த ஊரில். பகல் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறேன். சில நாள் கராத்தே, சில நாள் சிலம்பம். கராத்தே சொல்லித் தருபவர் மாஸ்டர், சிலம்பம் சொல்லித் தருபவர் வாத்தியார். சுருள்வாளும் மான்கொம்பும் சுவரில் தொங்குகின்றன. புதிதாக வருபவர்களுக்குக் கம்பு கைக்கு வரவே நாளாகும். அதுவரை காலடிதான்.

சிலம்பத்தில் தொடுமுறை என்று ஒரு போட்டி உண்டு. கம்பு எதிராளியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. "தொட்டாப் போதும்ப்பா, பொளக்க வேணாம்" என்பார் வாத்தியார். கேட்க எளிதாக இருக்கும். கம்பு கிட்டத்தட்ட நம் நெற்றி உயரம். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும், நுனி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகும். வீசுவதற்குத் தோள் போதும். நிறுத்துவதற்கு இடுப்பு, முழங்கால், மூச்சு எல்லாம் வேண்டும். அதனால் மைதானத்திலேயே ஆபத்தான ஆள் புதிதாக வந்தவன்தான். அவனுக்கு வீசத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

இந்த மாதிரிப் பயிற்சிகளைச் சுற்றி ரீல்ஸில் ஒரு தத்துவம் ஓடுகிறது. அடிக்க முடிந்தும் அடிக்காதவன்தான் நல்லவன், அடிக்கத் தெரியாதவனின் சாந்தம் வெறும் இயலாமை. இது புதிய கருத்தும் இல்லை. தண்டிக்கும் வலிமை இருப்பவன் மன்னித்தால்தான் அது மன்னிப்பு என்ற பொருளில் காந்தியே 1920இல் 'யங் இந்தியா'வில் எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. யாரையுமே காயப்படுத்த வழியில்லாத மனிதர் யார்? அப்பாவின் கை எட்டும் தூரத்தில் பிள்ளை இருக்கிறது. டீம் லீட் நினைத்தால் கோட் ரிவ்யூவில் ஒரே வரி எழுதி ஜூனியரின் ஒரு வாரத்தைக் கெடுத்துவிட முடியும். தசையை மட்டும் வலிமை என்று எண்ணுவதால் இதெல்லாம் கணக்கில் வராமல் போகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் லத்தியையும் சாதாரண ஊன்றுகோலையும் வீட்டுக்கும் விவசாயத்துக்குமான பொருள்களாகக் கருதி ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைக்கிறது. நடைமுறை வசதிக்காகச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. கம்பு எப்போதும் வீட்டுக்குள்தான் இருந்தது. அது யார் கையில் இருந்தது, யார் முதுகில் விழுந்தது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சாதியும் சேர்ந்து பதில் சொல்லும்.

ஆகவே பயிற்சி நமக்கு வன்முறையைப் புதிதாகக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் கம்பு எவ்வளவு நீளம், அது எங்கே போய்ப் படும் என்பதைக் காட்டுகிறது. அடக்கம் பலசாலிகளின் தனிச்சொத்து இல்லை. எல்லோருமே பழக வேண்டிய வேலை அது.

மைதானத்தில் அதைப் பழகுவது சுலபம். எதிரே நிற்பவர் சலாம் வைத்துவிட்டு நிற்கிறார். இன்று அவர் தோள் என் கம்புக்குக் கீழே, நாளை என் தோள் அவர் கம்புக்குக் கீழே. நடுவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெருவில் இந்தச் சமமும் இல்லை, நடுவரும் இல்லை. கராத்தேயில் முதல் தாக்குதல் கிடையாது என்பது ஃபுனாகோஷி கிச்சின் வலியுறுத்திய நெறி. ரொம்ப நாளாக அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொன்னால், முதல் அடி எப்போதோ விழுந்துவிட்டதே என்பார். அவரிடம் போய் அடக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா சொன்னார்: "டியூசன் முடிஞ்சு வர இருட்டிருது மாஸ்டர். நாலு அடி தெரிஞ்சு வச்சிருந்தா ஒரு தைரியம்ல." நியாயமான பேச்சு. அந்தப் பிள்ளை சத்தம் கொடுத்துக் குத்து விடும்போது அவள் நிற்கும் விதமே மாறியிருப்பதை நானே பார்க்கிறேன். ஆனாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள தெருவைப் பத்திரமாக்கும் வேலையை 13 வயதுப் பிள்ளையின் முஷ்டியிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவள் படித்ததைப் பயன்படுத்த நேர்ந்தால், இன்னொருவன் படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

பையன்களைக் கூட்டிவரும் அப்பாக்கள் சொல்லும் காரணங்கள் வேறு. செல்லை விட்டு எந்திரிச்சாப் போதும், உடம்பு இறுகணும், சர்டிபிகேட் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகும். "இவனுக்கு நிறுத்தச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டு யாரும் மகனைச் சேர்த்து நான் பார்த்ததில்லை. என் வயது நண்பர்கள் பலருக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் மகன்கள் இருக்கிறார்கள். வகுப்பில் சேர்க்கப் போகும்போது பீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், மாஸ்டரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்.