வடலூரில் மூட்டிய அடுப்பு



மனக்கோட்டை கட்டாதவர் நம்மில் யார்? ஊரில் ஒரு நூலகம் வைக்க வேண்டும், ஆதரவில்லாத முதியவர்களுக்கு ஓர் இல்லம் நடத்த வேண்டும், தாத்தா விட்டுப்போன நிலத்தில் மூலிகைத் தோட்டம் போட வேண்டும் என்று எத்தனையோ எண்ணங்கள். இரவு படுத்தால் வரிசையாக வந்து நிற்கும். விடிந்து வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றுகூட நினைவில் இருக்காது. அந்த எண்ணங்களை நான் குறைவாகப் பேச மாட்டேன். நல்லதை நினைக்கிற மனம் இறைவன் கொடுத்தது. நினைத்ததற்கு அடுத்த படி என்ன என்பதை வடலூர் வள்ளல் பெருமான் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

1823-ல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். சென்னையில் வளர்ந்து, 1858-ல் அந்த நகரத்தை விட்டுப் புறப்பட்டுக் கருங்குழியில் வந்து தங்கினார். அவர் கண்ட கனவு சின்னதா? சாதிச் சண்டையும் சமயச் சண்டையும் இல்லாத மனித குலம், பசி இல்லாத உலகம், மரணத்தையே வெல்லுகிற வாழ்வு! இன்றைக்குக் கேட்டாலும் "இதெல்லாம் நடக்கிற காரியமா சாமி?" என்றுதான் கேட்கத் தோன்றும். அத்தனை பெரிய எண்ணத்தில் அவர் முதலில் எதைக் கையில் எடுத்தார் என்று பாருங்கள். பசியை எடுத்தார். வயிறு எரிகிறவனிடம் ஞானம் பேசி என்ன பயன்?

1867 மே 23, வியாழக்கிழமை. வடலூரில் சத்திய தருமச் சாலை தொடங்கியது. அங்குள்ள பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து கொடுத்தார்கள். கல்லும் காரையும் சேரட்டும் என்று பெருமான் காத்திருக்கவில்லை. மண்சுவரும் கூரையும் போதும் என்று அன்றே அடுப்பை மூட்டிவிட்டார். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம் கொண்டது அந்த அடுப்பு. அன்று வைத்த நெருப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

அந்த அடுப்பைச் சற்று உற்று நோக்குங்கள். இத்தனை நீளம் எதற்கு? ஒரே நேரத்தில் பல பாத்திரங்களை ஏற்றலாம். ஒன்றில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் குழம்பு கொதிக்கும். பந்தியில் உட்கார்ந்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிறவர் இத்தனை பேர் என்று கணக்குச் சொல்ல முடியாத இடத்துக்கு ஏற்ற அடுப்பு அது. அரிசி வேண்டும், விறகு வேண்டும், தண்ணீர் எடுத்து வர ஆள் வேண்டும், நேரங்கெட்ட நேரத்தில் பசியோடு வருகிறவனுக்கும் இலை போட ஒருவர் வேண்டும். வருகிறவன் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. ஜீவகாருண்யம் என்ற பெரிய தத்துவம், நாள்தோறும் கரியும் புகையும் படிகிற இந்த வேலையாக வந்து இறங்கியது. எனக்கு இதைவிடப் பெரிய தவம் தெரியவில்லை.

ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை எப்போது வந்தது? 1872 ஜனவரி 25, தைப்பூச நாளில். எட்டுக் கோணமாக அழகாக எழுந்த சபை அது. ஆனால் சாலைக்கும் சபைக்கும் இடையே நாலரை ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. நாமாக இருந்தால் முதலில் சபையைக் கட்டி, வாசலில் பெயர் பொறித்த கல்லைப் பதித்திருப்போம். பெருமான் சோற்றை முன்னே வைத்தார், சபையைப் பின்னே வைத்தார்.

"எண்ணம் செயலாகத்தான் வேண்டுமா? அப்படியானால் பூசலார் நாயனார்? அவர் மனத்திலேயே கோயில் கட்டினாரே, ஈசன் ஏற்றுக்கொண்டாரே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். திருநின்றவூர்ப் பூசலார் முதலில் பொருள் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளத்தில் கட்டத் தொடங்கினார். எப்படிக் கட்டினார்? நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்டினார். தச்சர்களை அமர்த்தினார். இரவெல்லாம் கண் உறங்காமல் அடித்தளம் முதல் சிகரம் வரை படிப்படியாக எழுப்பினார். சுதை பூசினார், கிணறு எடுத்தார், மதில் சுற்றினார், குளம் தோண்டினார். குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ மன்னன் குறித்த அதே நாள்! ஒரு வேலையையும் அவர் தாண்டிப் போகவில்லை. நாம் கனவில் கோபுரத்தை மட்டும் பார்க்கிறோம். அவர் கிணற்றையும் மறக்கவில்லை. அதனால்தான் அது பகற்கனவாகப் போகாமல் பூசையாயிற்று.

எண்ணியதெல்லாம் கைகூடிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேசியபோது, தாம் சொன்னதை மக்கள் ஏற்கவில்லையே என்ற வருத்தம் பெருமானுக்கு இருந்தது. அடுத்த ஜனவரியில் அங்கே தாம் தங்கியிருந்த சித்தி வளாகத்து அறைக்குள் புகுந்தார். அவர் வெறுத்த சாதி இன்னும் நம் தெருக்களில் நிற்கிறது. நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் இன்று பகல் வடலூருக்குப் பசியோடு போனவருக்குச் சோறு கிடைத்திருக்கும்.

நேற்று ஓர் அம்மா வந்தார். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் திருக்குறள் சொல்லித்தர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசையாம். இடம் இல்லை, கரும்பலகை இல்லை என்றார். "உங்கள் வீட்டுத் திண்ணையில் எத்தனை பிள்ளைகள் உட்காரலாம் அம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேர்" என்றார். எந்தக் கிழமை, எத்தனை மணி, முதலில் எந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறார். பக்கத்தில் இருக்கிறவர்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.