வீடு கட்டுகிறவனின் பங்கு



கையில் நாலு காசு சேர்ந்தால் நம் ஊரில் முதலில் எழும் பேச்சு வீடு கட்டுவதுதான். அது நல்ல ஆசையே. ஆனால் இக்காலத்தில் வீடு கட்டுகிறவன் முன் ஒரு புதுக் கேள்வி நிற்கிறது. என் வீட்டினால் பிறருக்குத் தீங்கு உண்டாகுமானால், அதற்கு நான் உத்தரவாதியா?

என்ன தீங்கு என்பீர்கள். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறக்குறைய 1450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். எரிக்கும் நிலக்கரியிலிருந்து மட்டுமல்ல, அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளிவிடும் இவ்வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருவது. அது பூமியைச் சூடாக்கி, மழையின் முறையைக் குலைக்கிறது. மழையை நம்பிப் பிழைக்கும் நமக்கு இது அந்நியமான விஷயமல்ல.

இதற்காகச் சிமெண்டைப் பழிப்பது நியாயமாகாது. 1960-களின் தொடக்கத்தில் ராஜபாளையம் பி. ஏ. சி. ராமசாமி ராஜா துலுக்கப்பட்டியில் தொடங்கிய ஆலையை நாம் அறிவோம். ஏழைக்கும் ஒழுகாத கூரை கிடைத்தது சிமெண்டினால்தான்.

அப்படியானால் குற்றம் யாருடையது? "ஜனங்கள் கேட்பதைச் செய்கிறோம்" என்கிறது ஆலை. "சட்டம் ஒப்பியதைத்தான் எழுதுவேன்" என்கிறார் இன்ஜினியர். "சொன்னபடி கட்டுகிறேன்" என்கிறார் கொத்தனார். "நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?" என்கிறார் வீட்டுக்காரர்.

பிளவக்கல் அணைத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். இரவில் ஆளுக்கொரு கை மண்ணை வெட்டி மடையைத் திருப்பினால், கடைமடை காய்ந்துபோகும். ஒவ்வொருவரும் "நான் எடுத்தது கொஞ்சந்தானே" என்பார்கள். கொஞ்சந்தான், ஆனாலும் வயல் காய்ந்தது மெய். பலர் கூடிச் செய்த தீங்கில் ஒருவனுடைய பங்கு சிறிதாகலாம், இல்லாமற் போகாது.

பரிகாரமும் அவ்வாறே. குடிமராமத்துக்கு வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு வந்தபோதுதான் கண்மாய்க் கரை உயர்ந்தது. இன்றும் அத்தகைய முயற்சி ஒன்று நடக்கிறது. சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு ஆராய்ச்சியாளரும், சென்னை, தில்லி, மும்பை ஐ.ஐ.டி.களும் கூடி, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக் கல்லும் கலந்த புதுச் சிமெண்டை ஆராய்ந்தார்கள். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவு சூடு போதும். அதனால் கரியமில வாயு நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு குறைகிறது. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கு விதி வகுத்தது. இனி ஆலைகள் ஏராளமாகச் செய்ய வேண்டும். இன்ஜினியர் எழுத வேண்டும். கொத்தனார் பழக வேண்டும். நாம் கேட்க வேண்டும். ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் உழைப்பு வீண்.

"ஓலைக் குடிசையில் நனைகிறவனிடமும் இதைச் சொல்வீரா?" என்று கேட்கலாம். சொல்லேன். அவனுக்குக் கூரை தேவை, தேவை குற்றமாகாது. கடமை அவரவர் வசதிக்குத் தக்கது. ஆனால் நான்கு பேர் குடியிருக்க எட்டு அறையும், அயலார் கண்ணுக்காக ஒரு மாடியும் எழுப்புகிறவர் தம் மனச்சாட்சியைக் கேட்கட்டும்.

1945-இல் இந்தியா வந்து, பின் கேரளத்தில் குடியேறிய லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், செங்கலை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏராளமான வீடுகள் கட்டினார். செங்கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். வீட்டினுள் வெக்கையும் குறைவு. வேண்டாததை விடுவதே அவர் கற்பித்த பாடம்.

ஆகவே, வீடு கட்ட நினைக்கிறவர்களே, அஸ்திவாரம் தோண்டுமுன் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு தேவை? எதை விடலாம்? குறைந்த வாயுவில் ஆன பொருள் எது? கடைக்காரரிடமும் கொத்தனாரிடமும் கூச்சமின்றிக் கேளுங்கள். நாம் கட்டும் வீட்டின் நிழல் நம் பிள்ளைகளுக்கு. அதன் வெக்கை அயலார் பிள்ளைகளுக்கு என்று ஆகாதிருக்கட்டும்.