அடுத்த வருசம் பாத்துக்கலாம்

மோகனூர்ப் பக்கம் சித்தப்பா முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். 2022இல் உக்ரைன் போர் தொடங்கி மக்காச்சோளம் விலை ஏறியது. ஷெட்டுக்குள் பனி மாதிரி தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் போடுவதற்காக வைத்திருந்த பணத்தை அவர் தீவனத்துக்கு எடுத்துவிட்டார். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். வெயில் ஏற ஏறத் தீனி எடுப்பது குறையும், முட்டை ஓடு மெலியும், அதற்கும் மேலே போனால் செத்து விழும். இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "தீவனம் இன்னிக்கே வாங்கியாகோணும். வெய்யிலு வருசா வருசம் வர்றதுதானே, அடுத்த வருசம் பாத்துக்கலாம் போ" என்றார்.

அதில் என்ன தப்பு என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

உலகமும் அன்றைக்கு அதைத்தான் செய்தது. ரஷ்ய எரிவாயு குறைந்ததும், ஒதுக்கி வைத்திருந்த நிலக்கரி மின்நிலையங்களை ஜெர்மனி மறுபடி ஓட்டியது. குளிர்காலம் வாசலில் நிற்கும்போது வேறென்ன செய்ய முடியும்? காஸாவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு தாயிடம் போய் 2070இன் வெப்பநிலையைப் பேச எனக்கும் வாய் வராது. குண்டு முதலில், கார்பன் பிறகு. இந்த வரிசையைக் கேலி செய்கிறவர்கள் போரைப் பார்த்திராதவர்கள்.

ஆனால் இதே வரிசை எங்க ஊரில் ஒருமுறை ஓடி முடிந்திருக்கிறது. அதன் கணக்கு பதிவாகியும் இருக்கிறது.

1876இல் மழை பொய்த்தது. தாது வருசப் பஞ்சம் என்று இன்றும் கிழவிகள் சொல்வது அதைத்தான். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம். நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது அதற்குள்தான். 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19.6 லட்சம் பேர் இருந்த மாவட்டத்தில் 1881இல் 16 லட்சம் பேர்தான். செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் எல்லாம் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அரசு செய்தது உண்மையிலேயே நல்ல யோசனை. இனி வரும் பஞ்சங்களுக்காக ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவது என்று வைஸ்ராய் லிட்டன் காலத்தில் முடிவானது. அதற்கென்று 1878இல் புதிய வரியும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆஃப்கானிஸ்தான் மீது படையெடுப்பு. ரஷ்யா வந்துவிடும் என்ற பயம். பஞ்சத்துக்கென்று வாங்கிய பணம் போருக்குப் போய்விட்டது என்று அன்றைக்கே கண்டனம் எழுந்தது.

லிட்டனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'மழைதான் வந்துவிட்டதே, எல்லைதான் இப்போது அவசரம்' என்பார். அநேகமாக என் சித்தப்பா சொன்ன அதே காரணம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. சித்தப்பா மீது போர் வந்து விழுந்தது. லிட்டன் போரைத் தேடிப் போனார். 'போரா, பருவநிலையா' என்று கேட்கும்போது இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவிடுகிறோம்.

2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். அதே ஆண்டு பாகு மாநாட்டில் ஏழை நாடுகளின் பருவநிலைத் தேவைக்காக, 2035 வாக்கில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஒன்பதில் ஒரு பங்கு, அதுவும் வாக்குதான். உக்ரைன்காரர் தன் வீட்டைக் காக்கச் செலவழிப்பதை இதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகை முழுக்க வீட்டைக் காப்பதற்கா? டாங்கியும் போர் விமானமும் விடும் புகையைக் கணக்குக் காட்டுவதுகூடப் பாரிஸ் ஒப்பந்தத்தில் கட்டாயமில்லை. ஆக, எதை முதலில் பார்ப்பது என்று நாம் வரிசை போட்டுக்கொண்டிருக்கையில், முன்னால் நிற்பது பின்னால் நிற்பதைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது.

அப்போ என்னதான் செய்வது? எங்க பக்கம் ஏலச்சீட்டு போடாத வீடு குறைவு. அவசரம் உள்ளவர் முதலில் சீட்டை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் எடுத்தவர் தவணையை நிறுத்தக் கூடாது. அவர் நிறுத்தினால் கடைசியாக எடுக்க வேண்டியவருக்குப் பணமிருக்காது. அவசரத்துக்கு முன்னுரிமை கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. எடுத்ததைக் கடன் என்று எழுதி, திருப்பும் தேதியையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்கிறேன். பருவநிலைச் சீட்டில் கடைசி ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஏலத்தன்று வந்து உட்கார்ந்து 'என் பணம் எங்கே' என்று கேட்க அவனால் முடியாது. அதனால்தான் அவன் தவணையில் கை வைப்பது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

2024 கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஒரு மதியம், சித்தப்பாவின் ஷெட்டில் நூற்றுச் சொச்சம் கோழிகள் செத்தன. சாக்கில் அள்ளிப்போட நானும் போயிருந்தேன். இடையில் தீவன விலை இறங்கிய மாதங்களும் இருந்தன. அந்த மாதங்களில் ஃபாகர் பணம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அது அப்பவே செலவாயிடுச்சே" என்றார்.