தலையாட்டியும் கதவும்

"சொந்த நாட்டையே காட்டிக்குடுத்தவன். அவனைப் போய்த் தூக்கி வைச்சுக் கதைக்கிறியள்."

இரவு பதினொரு மணி தாண்டி, கடைசிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்த பிறகு, றெஸ்ரோறன்டின் பின்கதவடியில் நின்று சிகரெட் பற்றவைத்தபடி எங்கள் குசினி அண்ணர் ஒருவர் இப்படிச் சொன்னார். பேச்சு எட்வேர்ட் ஸ்னோடனைப் பற்றியது. "ஒளிக்க ஒண்டுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்றும் கேட்டார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்ததால் நான் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அந்தக் 'காட்டிக்கொடுத்தவன்' என்னோடு பஸ்ஸிலும் ஏறிக்கொண்டான்.

எங்களுக்கு அது சும்மா ஒரு சொல்லல்ல. சுற்றிவளைப்பில் நானும் வரிசையில் நடந்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட சாக்கைத் தலையில் போட்டபடி ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் தலை ஆடினால் ட்ரக்கில் ஏறவேண்டும், ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மறுபக்கத்தில், இதே குற்றச்சாட்டை மட்டையில் எழுதித் தொங்கவிட்டு மின்கம்பங்களில் எத்தனை பேரைக் கட்டிச் சுட்டார்கள்! அவர்களில் எத்தனை பேர் உண்மையில் காட்டிக்கொடுத்தவர்கள் என்று இன்றுவரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இரு தரப்பிலும் இரத்தம் குடித்த சொல் அது.

ஸ்னோடன் காட்டியது என்ன? அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் கோடிக்கணக்கானவர்களின் தொலைபேசி விபரங்களை மொத்தமாக அள்ளியதை, 2013 யூனில், ஹொங்கொங் ஹோட்டல் அறையொன்றிலிருந்து பத்திரிகையாளர் மூலம் உலகுக்குக் காட்டினார். கனடாவும் தப்பவில்லை. அவர் கொடுத்த ஆவணங்களில் ஒன்றை 2014 ஜனவரியில் சி.பி.சி. வெளியிட்டது. கனேடிய விமான நிலையமொன்றின் இலவச வை-பையில் இணைந்த பயணிகளின் கருவிகள் அதன்பின் எங்கெங்கே தலைகாட்டின என்று, கனடாவின் தொடர்பாடல் உளவு நிறுவனமான சி.எஸ்.ஈ. பின்தொடர்ந்து பார்த்த கதை அது. கனடாவில் இருப்பவர்களை இலக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் தடுத்திருந்த நிறுவனம். நாங்கள் எடுத்தது வெறும் மெற்றாடேற்றா, பேச்சின் உள்ளடக்கமல்ல, ஆகவே சட்டமீறல் இல்லை என்பதே அவர்களுடைய பதிலின் சாரம்.

அண்ணரிடம் நான் சொல்லியிருக்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. கொழும்பு லொட்ஜ்களில் எங்களைப் பற்றி எழுதிவைத்ததும் வெறும் மெற்றாடேற்றாதான். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், வந்த திகதி. நாங்கள் என்ன பேசினோம் என்று அந்தக் கொப்பியில் ஒரு வரி இல்லை. 2007 யூன் 7 அதிகாலையில், முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை லொட்ஜ்களிலிருந்து எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஏற்றப்பட்டவர்களிடம் ஒளிக்க என்ன இருந்தது? பாஸ்போட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், முகவருக்காகக் காத்திருந்தவர்கள். ஊரின் பெயர் ஒன்றே போதுமாயிருந்தது. ஒளிப்பதற்கு இருப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் பட்டியலில் இருப்பவரல்ல, பட்டியலை வைத்திருப்பவர்.

இந்த மொன்றியலிலும் பட்டியலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1973 ஜனவரியில் ஆர்.சி.எம்.பி.யின் பாதுகாப்புப் பிரிவு, கியூபெக் கட்சியின் அங்கத்தவர் பட்டியல் இருந்த கொம்பியூட்டர் நாடாக்களை இரவோடிரவாக எடுத்து, பிரதிபண்ணி, திரும்பக் கொண்டுபோய் வைத்தது. சட்டபூர்வமான கட்சி. நான்கு வருடங்களுக்குள் தேர்தலில் வென்று ஆட்சிக்கும் வந்தது. விசாரணைக்குழு, அறிக்கை எல்லாம் நடந்து, 1984இல் அந்த வேலையைப் பொலிசிடமிருந்து பிடுங்கி புதிய நிறுவனமொன்றிடம் கொடுத்தார்கள்.

ஆக ஸ்னோடன் தலையாட்டியா? தலையாட்டி முகத்தை மறைத்துப் பலவீனரைப் பலசாலிக்குக் காட்டினான், இவர் முகத்தைக் காட்டிப் பலசாலியைப் பலவீனருக்குக் காட்டினார் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு முழுத் திருப்தியில்லை. சாக்குக்குள் இருந்தவனும் அடிவாங்கி, நகம் பிடுங்கப்பட்டு அங்கே வந்தவனாயிருக்கலாம். முகத்தைக் காட்டும் தைரியத்தை எல்லோரிடமும் கேட்கமுடியாது. ஸ்னோடனோ இன்று ரஷ்யப் பிரஜை. அந்த நாட்டின் கண்காணிப்பைப் பற்றி அவர் எவ்வளவு உரத்துப் பேசமுடியும்?

எனக்கு ஸ்னோடனைவிட அவரை ஒளித்துவைத்தவர்கள்தான் பெரிய கேள்வி. ஹோட்டலை விட்டு வெளியேறிய பின், மொஸ்கோவுக்கு விமானம் ஏறும்வரை, சுமார் இரண்டு வாரம் அவர் ஹொங்கொங்கின் அகதிகளுடைய வீடுகளில் தங்கினார். வேலைசெய்ய அனுமதியில்லாத, சொற்ப உதவியில் நாளைக் கடத்திய அகதிகள். அவர்களுடைய வழக்கறிஞர் றொபேர்ட் ரிபோதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர். வந்தவர் யாரென்று பிலிப்பைன்ஸ்காரி வனெஸா றொடெலுக்கு முதலில் தெரியாது. மறுநாள் அவருக்குப் பத்திரிகை வாங்கப்போன இடத்தில் முதற்பக்கத்திலேயே முகம் இருந்தது. தெரிந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. இலங்கையரான சுபுன் திலின கெல்லபத்தவும் நதீகாவும் சிங்களவர்கள். தங்கள் சின்ன அறையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். 2017இல் ஹொங்கொங் இவர்கள் எல்லோருடைய அகதிக் கோரிக்கைகளையும் நிராகரித்தது. றொடெல் 2019 மார்ச்சிலும், அந்தக் குடும்பம் 2021 செப்ரெம்பரிலும் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தது இந்த மொன்றியலுக்குத்தான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் தத்துவப் படிப்பில் மறக்காதது ஒன்று: நண்பனைத் தேடிக் கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்றார் கான்ற். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். நாங்களென்றால் பொய் சொல்லி நண்பனைக் காப்பாற்றுவோம் என்று அவ்வளவு நிச்சயம்.

கோட்-டே-நேஜில் நான் இருந்த முதல் அறை. என் வழக்கு முடியவில்லை. தை மாதம், நடுச்சாமம். என்னோடு கோப்பை கழுவியவர், நாடுகடத்தல் கடிதம் வந்தவர், ஒரு பையோடு வந்து கதவைத் தட்டினார். இரண்டு நாள் போதும் என்றார். நான் சங்கிலியைக் கழற்றாமல், உள்ளே இன்னொருவர் படுத்திருக்கிறார், இடமில்லை என்றேன்.

உள்ளே யாருமில்லை. என் வாசலில் நின்றது கொலைகாரனுமல்ல. நான் சொன்ன பொய் நண்பனுக்குத்தான். அவர் கோபப்படவில்லை, "சரி தம்பி, குளிர் உள்ளுக்கு வருது, சாத்தும்" என்றார். வெளிப்பக்க இரும்புப் படியில் பனி உறைந்திருந்தது. அவர் ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து இறங்கிய சத்தத்தைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.